கால்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம்

வசந்தமலர் புத்தகங்களை அவற்றின் பெயரால் அழைப்பதில்லை. தானே ஒரு பெயர் வைத்துவிடுவாள். குதிரைக்காரர். கிணற்றில் குதிக்கிறவள். குளிர்ப் புத்தகம். நூலகத்துக்குள் நுழைந்ததும், "பிள்ளை, குதிரைக்காரரின்ர ரெண்டாம் பாகம் வந்திட்டுதோ?" என்று கேட்பாள். நூலகர் சுபத்திராவுக்கு அது விளங்கும்.

சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் பிடித்த பழக்கம் அது. பையில் என்ன புத்தகம் என்று கேட்பார்கள். தலைப்பில் மண் என்றோ தீ என்றோ ஒரு சொல் இருந்துவிட்டால் அரைமணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் அட்டைக்கு மேல் பழைய கலண்டர்த் தாளைப் போட்டு மூடுவாள். தலைப்பையும் மறந்துவிடுவாள். பிறகு சாவடிகள் போய்விட்டன. பழக்கம் போகவில்லை.

அவளுடைய ஊர் தலைமன்னார் வீதியில், பேசாலைக்கு மேற்கே, தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. வீட்டிலிருந்து நூலகம் எழுநூற்று நாற்பது மீற்றர். நண்டுக் கம்பனி எதிர்த்திசையில் ஒன்று தசம் இரண்டு கிலோமீற்றர். கணவர் காய்ச்சலில் போனபோது மகள் றொசானாவுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு நண்டு மேசைதான் வீட்டை நடத்தியது. அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துண்டு ஒன்றும் கலக்காமல் சதையை எடுக்க வேண்டும். ஏழு மணி நேரம் நின்றபடி வேலை. மேசை அவளுடைய உயரத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் கூட. பதினாறு வருடத்தில் அந்த ஐந்து சென்ரிமீற்றர் அவளுடைய வலது தோளை மேலே ஏற்றிவிட்டது. றொசானா வவுனியாவில் குளிர் அறைகளைப் பராமரிக்கும் தொழினுட்ப உத்தியோகத்தர் ஆனதும் அந்த மேசையால்தான்.

மேசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். எடை நிறுத்ததும் இலக்கம் அடித்த மஞ்சள் துண்டு ஒன்று தருவார்கள். துண்டின் பின்பக்கம் வெறுமை. வசந்தமலர் அதில்தான் வாசித்த புத்தகங்களைப் பற்றி எழுதினாள். முதலில் தனக்காக எழுதினாள். ஒருநாள் ஒரு துண்டு தவறிப் புத்தகத்துக்குள் போய்விட, சுபத்திரா அதை வாசித்துச் சிரித்து, பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டாள்.

"மலரக்கா, இனி எல்லாத்துக்கும் எழுதித் தாங்கோ. சனம் எதை எடுக்கிறதெண்டு தெரியாமல் நிக்குது."

"நான் என்ன படிச்சனானே? நண்டு உடைக்கிறன்."

"அதுதான் வேணும். படிச்ச ஆக்கள் எழுதினா ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

அப்படித் துண்டுகள் பெருகின. குதிரைக்காரருக்கு: "குதிரை ஐந்நூறு பக்கம் ஓடுகிறது. ஒருவரும் தண்ணீர் வைக்கவில்லை. மற்றப்படி நல்ல கதை." கிணற்றில் குதிக்கிறவளுக்கு: "அழுகை கூட. கைலேஞ்சி தேவை." தடித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு: "ஒரு ஆளுக்கு மூன்று பெயர், மூன்றும் நீளம். குளிர் மட்டும் உண்மை. ஐஸ் அறைக்குள் நின்று வாசித்த மாதிரி இருக்கிறது." கடல் நாவலுக்கு: "எழுதினவர் கரையில் நின்று எழுதியிருக்கிறார். கச்சான் காற்று கடலைக் கிளப்பும்போது ஒருத்தரும் வள்ளத்தில் எழும்பி நின்று காதல் கதைப்பதில்லை." உரையோடு வந்த பழைய காவியம் ஒன்றுக்கு: "உரைகாரர் கவிஞரைவிடக் கூடக் கதைக்கிறார். பாட்டை மட்டும் சத்தமாக வாசியுங்கள். விளங்காவிட்டாலும் நல்லாயிருக்கும்." ஒரு துப்பறியும் கதைக்கு, "சமையல்காரன்தான். மூன்றாம் அத்தியாயத்தில் கத்தி தீட்டும்போதே தெரிந்துவிட்டது" என்று எழுதி, அதைச் சுபத்திராவும் வாசிக்காமல் ஒட்டிவிட, ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் நூலகத்துக்குச் சண்டைக்கு வந்தார்.

ஆனால் இவை நூலகத்துக்கான துண்டுகள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் வேறொரு துண்டும் இருந்தது. கேட்கிறவனுக்கு ஒரு பதில், தனக்கு ஒரு பதில் என்று இரண்டு வைத்துக்கொள்ள அந்தக் கரையில் எல்லோருமே பழகியிருந்தார்கள். வசந்தமலர் அதைப் புத்தகத்துக்கும் செய்தாள். முதலில் உண்மையானதை எழுதுவாள். அதை எழுதி முடித்தால்தான் மற்றது வரும். உண்மையானது வீட்டிலுள்ள பிஸ்கட் தகரப் பேணிக்குள் போகும். கிணற்றில் குதிக்கிறவளுக்குப் பேணித் துண்டு இது: "குதிக்க முதல் பிள்ளைக்குப் பால் காய்ச்சி வைக்கிறாள். பால் காய்ச்சினவள் குதிக்கமாட்டாள். எனக்குத் தெரியும்."

அந்த ஐப்பசியில் நூலகத்துக்குப் புதிய நாவல் ஒன்று வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் யுத்த காலத்தைப் பற்றி எழுதியது. இருநூற்று எண்பது பக்கம். வசந்தமலர் நான்கு நாளில் வாசித்து முடித்தாள். வியாழக்கிழமை மதிய இடைவேளையில் இரண்டு துண்டுகளையும் எழுதி மடித்து, மேலங்கிப் பையில் வைத்தாள். அப்போது றொசானா போன் எடுத்தாள். நெஞ்சுக் கிளினிக்குக்குத் திகதி கிடைத்துவிட்டது என்று சொல்வதற்காக. மூன்று நிமிடம் நாற்பது செக்கன் கதைத்தார்கள். றொசானாவின் போனில் அந்த அழைப்பின் பதிவு இன்னும் இருக்கிறது. கதைத்துக்கொண்டே வசந்தமலர் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். மாலை வீட்டைத் தாண்டிப் போய்ப் புத்தகத்தை நூலகத்தில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நாலரை மணிக்கு மற்றத் துண்டைப் பேணிக்குள் போட எடுத்தாள். போட முதல் விரித்துப் பார்த்தாள்.

"சோகமான கதை. பொறுமை உள்ளவர்கள் வாசிக்கலாம்."

கட்டிலில் இருந்தாள். நூலகத்துக்குப் போன துண்டில் என்ன இருக்கிறது என்று சொல்லுக்குச் சொல் தெரியும்.

"இதை எழுதினவர் சுற்றிவளைப்பைக் கண்டதில்லை. சாக்குப் போட்ட தலையாட்டியின் கண்களைச் சனம் பார்த்ததாம். எங்களைத் தலை குனிந்து இருக்கச் சொன்னார்கள். குனிந்து இருக்கிறவர்களுக்குக் கால் மட்டும்தான் தெரியும். வலக்காலில் இரண்டாம் விரல் பெருவிரலுக்கு மேல் ஏறியிருந்தது. நான் மருந்து கட்டின கால் அது."

முப்பத்துநான்கு வருடத்துக்கு முந்திய சங்கதி. இராணுவத்தினர் ஊர் முழுவதையும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். பெண்கள் முன்வரிசைகளில், ஆண்கள் பின்னால். தலையில் சாக்குப் போட்ட ஒருவனைப் பெண்களின் வரிசைகளுக்கு நடுவே நடத்திக்கொண்டு போனார்கள். அவன் ஆண்கள் பக்கம் போய் மூன்று பேருக்குத் தலையாட்டினான். கொண்டுபோனவர்களில் இரண்டு பேர் மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார்கள். மூன்றாமவன் தோமஸ் வரவில்லை.

வசந்தமலரின் தம்பி றோய்க்கு அப்போது பத்தொன்பது வயது. சுற்றிவளைப்புக்கு மூன்று நாள் முந்தி அவனைக் கடலில் வைத்துப் பிடித்திருந்தார்கள். அதற்கு முதல் வருடம் அவனுடைய காலில் திருக்கை முள் ஏறி, நரம்பு இழுத்து, இரண்டாம் விரல் பெருவிரலுக்கு மேல் ஏறி நின்றுவிட்டது. ஒன்றரை மாதம் மருந்து கட்டினவள் அக்காதான். சாக்குக்குக் கீழே அந்த விரலைக் கண்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கிழமை கழித்து றோய் வீட்டுக்கு வந்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கடற்கரை மணலிலும் செருப்போடு திரிகிறவன் அவன் ஒருவன்தான். "றோய் துரை சப்பாத்தோட வலை இழுக்கிறார்" என்று ஊர்ப் பெடியள் பகிடி பண்ணுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

தோமஸின் மனைவி றோசம்மா. நண்டு மேசையில் வசந்தமலருக்குப் பக்கத்து இலக்கம். பதினாறு வருடமாக இருவரும் ஒரே பையில் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். காணாமல் போனவர்களைத் தேடும் ஆணைக்குழுக்கள் வரும்போதெல்லாம் றோசம்மாவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் வசந்தமலர். கையெழுத்து வடிவானது என்பதால். ஏழு விண்ணப்பம். கடைசியாகக் கண்ட விபரம் என்ற இடத்தில் ஏழிலும் ஒரே வசனம்: "முகம் மூடிய, அடையாளம் தெரியாத ஒருவரால் காட்டப்பட்டார்."

நூலகம் ஐந்து மணிக்குப் பூட்டும். எழுநூற்று நாற்பது மீற்றரை அவள் ஓடினாள். வைத்தியர் ஓடக்கூடாது என்று சொல்லியிருந்தார். சுபத்திரா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நேற்றுக் குடுத்த புத்தகம்…"

"ஐயோ மலரக்கா, கதிரையில இருங்கோ முதல். என்ன இப்பிடி இளைக்குது?"

"புத்தகம் எங்க?"

"அது போட்டுது. கொஞ்சம் முந்தித்தான் றோசம்மாக்கா வந்து எடுத்தவா."

வசந்தமலர் கதிரையின் விளிம்பைப் பிடித்தாள். "அவள் புத்தகம் வாசிக்கிறவள் இல்லையே."

"எனக்கும் அதிசயம். இதில எங்கட காலத்துச் சுற்றிவளைப்புக் கிடக்காமே எண்டு கேட்டா. ஓம் எண்டன். உங்கட துண்டை ஒட்டப் பசை முடிஞ்சு போச்சு. கார்ட் வைக்கிற பையுக்குள்ள வைச்சுக் குடுத்தனான்."

"நீ வாசிச்சனியோ?"

"இல்லை அக்கா. நேரம் கிடைக்கேல்லை. றோசம்மாக்காவும் இப்ப பாக்கமாட்டன் எண்டு சொன்னா. முழுக்க வாசிச்சு முடிச்சிட்டுத்தான் மலரக்கா என்ன சொல்லுறா எண்டு பாப்பாவாம். இல்லாட்டி கொலைகாரன் ஆரெண்டு சொல்லிப்போடுவியளாம்."

சுபத்திரா சிரித்தாள். வசந்தமலரும் சிரித்துவைத்தாள்.

சனிக்கிழமை காலை, ஒரு கட்டு முருங்கைக்காயோடு றோசம்மா வீட்டுக்குப் போனாள். றோசம்மா முற்றத்துக் கதிரையில் இருந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் மடியில் இருந்தது. பின்னட்டைப் பையில் மஞ்சள் விளிம்பு அரைச் சென்ரிமீற்றர் வெளியே தெரிந்தது.

"வாங்கோ மலரக்கா. பாத்தியளே, நானும் உங்களைப் போல வந்திட்டன்."

"உது சரியில்லாத புத்தகம், றோசம்மா. விடு. நல்ல ஒண்டு நான் எடுத்துத் தாறன்."

"நீங்கள் சரியில்லை எண்டா நான் கட்டாயம் வாசிக்க வேணும். குதிரைக்காரரையும் இப்பிடித்தான் சொன்னீங்கள். பிறகு ரெண்டாம் பாகத்துக்கு அடிபட்டனீங்கள்."

"எத்தினையாம் பக்கம்?"

"இருபத்தாறு."

"தேத்தண்ணி போடு" என்றாள் வசந்தமலர். றோசம்மா அடுப்படிக்குப் போனால் துண்டை எடுத்துவிடலாம். றோசம்மா எழுந்தாள். புத்தகத்தையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்தக் கிழமை மேசையில் நடந்ததெல்லாம் பக்கக் கணக்குத்தான். றோசம்மா ஒரு நாளைக்கு இருபத்தைந்து பக்கம் வாசித்தாள். காலையில் கையுறை போடும்போதே சொல்வாள். எழுபத்தைந்து. நூறு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சுற்றிவளைப்பு வருகிறது என்று வசந்தமலருக்குத் தெரியும். அந்த நாள் காலையில் றோசம்மா ஒன்றும் சொல்லவில்லை. நண்டை உடைத்தாள். வசந்தமலரின் கையில் ஓடு இரண்டு தரம் குத்தியது. மேற்பார்வையாளர் வந்து அவளுடைய தட்டிலிருந்து ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

"என்ன மலரக்கா, கனவே?" என்றாள் றோசம்மா.

"எத்தினையாம் பக்கம்?"

"நூற்றி இருபத்தஞ்சு." நண்டின் கால் ஒன்றை முறித்தாள். "நல்லா எழுதியிருக்கிறான். அழுதிட்டன். ஆனா ஏதோ ஒண்டு சரியில்லை. என்னெண்டு சொல்லத் தெரியேல்லை."

என்ன சரியில்லை என்று வசந்தமலர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

புதன்கிழமை வேலை முடிந்து கடற்கரைக்குப் போனாள். வாடைக் காற்று தொடங்கியிருந்தது. றோய் கரையேற்றிய படகின் நிழலில் இருந்து வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் வழக்கம்போலக் கால்களை வலைக்குக் கீழே இழுத்தான். செருப்புப் போட்டிருந்தும் இழுத்தான்.

"றோய், கொஞ்ச நாளைக்கு இலுப்பைக்கடவைக்குப் போய் நில்லன். மனிசி வீட்டை."

"ஏன்?"

"அங்க இப்ப றால் நல்லாப் படுகுதாம்."

"ஆர் சொன்னது? நீ எப்ப துவக்கம் றால் பாக்கிறாய்?"

முப்பத்துநான்கு வருடத்தில், சொல்லாமல் விட்ட அந்த ஒரு வசனத்துக்கு அவர்கள் இவ்வளவு கிட்ட வந்ததில்லை. றோய் பாசியைப் பிடுங்குவதை நிற்பாட்டினான்.

"அக்கா, ஆரும் ஏதும் கதைச்சவையோ?"

"இல்லை."

"றோசம்மாக்கா?"

"இல்லையெண்டு சொல்லுறன்."

அவன் குனிந்து வலையைப் பார்த்தான். "நான் ஒரு இடமும் போகேல்லை. போனா ஏன் போனவன் எண்டு கேப்பினம்." பிறகு மெதுவாக, "உனக்குத் தெரியுமெண்டு எனக்குத் தெரியும், அக்கா" என்றான்.

அவள் திரும்பி நடந்தாள். மணலில் கால் புதைந்தது. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை யாரோ பின்னால் வருவதுபோல இருந்தது. தோமஸின் தம்பிமார் இரண்டு பேர் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். ஒருவன் முழுக்காலமும் குடி. குடித்தால் அண்ணனின் பெயரைச் சொல்லிச் சந்தியில் நின்று கத்துவான். அவனுக்கு ஒரு பெயர் கிடைத்தால் போதும். றோயின் பிள்ளைகள் அந்தச் சந்தியால்தான் பள்ளிக்கூடம் போகின்றன.

அன்று இரவு றொசானா போனில், "ஏன் அம்மா குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை. புத்தகம் ஒண்டு. அதை நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"பயப்பிடுத்திற புத்தகமோ?"

"ஓம்."

"அப்பிடியானதுகளை ஏன் வாசிக்கிறியள்? நெஞ்சுக்குக் கூடாது" என்றாள் மகள். அதோடு விட்டுவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை றோசம்மா வேலைக்கு வரவில்லை. சுகமில்லை என்று சொல்லிவிட்டிருந்தாள். மேசையில் அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது. வசந்தமலர் கணக்குப் பார்த்தாள். இருநூற்று எண்பதாவது பக்கம் திங்கள் மாலையோடு முடிந்திருக்கும். மதியம் சாப்பாட்டைத் திறக்கவில்லை. வேலை முடியும்வரை கதவடியில் யார் வந்தாலும் தோமஸின் தம்பிதான் என்று திரும்பிப் பார்த்தாள்.

நூலகத்துக்குப் போனாள். சுபத்திராவின் மேசையிலேயே புத்தகம் இருந்தது.

"காலமை கொண்டுவந்து தந்தவா. உங்களிட்டையே குடுக்கச் சொன்னா. ஒட்ட வேண்டாமாம், நீங்கள் முதல் பாக்க வேணுமாம்."

பையிலிருந்து துண்டை எடுத்தாள். அவள் இரண்டாக மடித்தது இப்போது நாலாக மடிந்திருந்தது. அவள் எழுதியதற்குக் கீழே, முன்பள்ளிப் பிள்ளையின் எழுத்துப்போலப் பெரிதாக, பென்சிலால் இரண்டு வரி.

"துண்டு சரி. வலக்கால் இல்லை. இடக்கால்."

வசந்தமலர் அதை வாசித்தாள். மருந்து கட்டும்போது அவள் எதிரே இருந்தாள். எதிரே இருக்கிறவளுக்கு அது வலப்பக்கம். அந்தப் பிழையை ஒன்றரை மாதம் மருந்து கட்டினவள் விட்டிருக்கிறாள். அதைத் திருத்தினவளுக்கு எப்படித் தெரியும்?

றோசம்மா வீட்டுப் படலை திறந்துதான் இருந்தது. அவள் முற்றத்தில் அதே கதிரையில் இருந்தாள். இன்னொரு கதிரை எதிரே போடப்பட்டிருந்தது.

"இருங்கோ."

வசந்தமலர் இருந்தாள்.

"உங்களுக்கு முன்வரிசை. எனக்கு அதுக்கு அடுத்தது" என்றாள் றோசம்மா. "நானும் குனிஞ்சுதான் இருந்தனான். அப்ப எனக்கு அது ஆரின்ர கால் எண்டு தெரியாது. அடுத்த வருஷம் பெரிய வெள்ளியில உங்கட தம்பி சிலுவை முத்தி செய்ய வந்தவன். அண்டைக்கு எல்லாரும் வெறுங்காலோடதானே வாறது. அவன் முழந்தாளில நிக்கேக்க பின்னால நிண்டனான். பிறகு ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பாக்கிறன்."

"ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு இருந்தன். ஏழு விண்ணப்பம் எழுதினீங்கள். ஏழிலயும் அடையாளம் தெரியாத ஒருவர் எண்டு வாசிச்சுக் காட்டினீங்கள். நான் ஏழிலயும் கையெழுத்து வைச்சன்."

வசந்தமலர் வாயைத் திறந்தாள். வந்த வசனம் அவளுக்கே பிடிக்கவில்லை. "அவனுக்குப் பத்தொன்பது வயசு, றோசம்மா."

"தோமஸுக்கு இருபத்தாறு."

கோழியொன்று கதிரைக்குக் கீழே புகுந்து வெளியே வந்தது.

"மைத்துனன்மாருக்குச் சொல்லப்போறியோ?"

"சொல்லுறதெண்டா எப்பவோ சொல்லியிருப்பன். பிறகு அவங்கள் ரெண்டு பேரும் ஏதும் செய்துபோட்டு மறியலில அடைபட்டுக் கிடப்பாங்கள். நான் அவங்களுக்கும் விண்ணப்பம் எழுத உங்களிட்ட வர வேணும்." அவள் சிரிக்கவில்லை. "ஆனா ஒண்டு. தம்பியிட்ட நீங்கள் ஒண்டும் சொல்லாதைங்கோ. எனக்குத் தெரியுமோ தெரியாதோ எண்டு அவனுக்குத் தெரியக்கூடாது. பெரிய வெள்ளிக்குச் செருப்பைக் கழட்டேக்க அவன் திரும்பி என்னைப் பாப்பான். ஒவ்வொரு வருஷமும் பாப்பான். அந்தப் பயம் அவனுக்கு இருக்கட்டும். எனக்கு வேற என்ன கிடக்கு?"

வசந்தமலர் தலையாட்டினாள். ஆட்டியபிறகுதான் ஆட்டியது தெரிந்தது. உடனே நிறுத்தினாள்.

படலைவரை வந்த றோசம்மா, "புத்தகம் பரவாயில்லை, மலரக்கா" என்றாள். "முடிவுதான் பிழை. கடைசியில எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுது மன்னிக்கினம். எழுதினவருக்கு வீட்டை போக அவசரம் போல."

மறுநாள் இருவரும் ஒரே பையில் சாப்பாடு கொண்டுபோனார்கள். மேசையில் பழைய இடத்தில் நின்றார்கள். ஆனால் வசந்தமலர் அதற்குப் பிறகு புத்தகம் எடுக்கவில்லை. சுபத்திரா கேட்டபோது கண் தெரியவில்லை என்றாள். கண் நன்றாகத் தெரிந்தது. றோயைக் கண்டால் அவனுடைய கேள்வி முகத்தில் இருக்கும். அவள் வேறு பக்கம் பார்ப்பாள். றோயின் பயத்துக்கும் றோசம்மாவின் சொல்லுக்கும் நடுவே எண்பத்தொன்பது நாள் இருந்தாள். தொண்ணூறாம் நாள் காலை, கிளினிக்குக்குப் போகப் பேருந்துக்கு நின்ற இடத்தில் விழுந்தாள். றொசானா வவுனியாவிலிருந்து வந்துசேர இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. பதினைந்து நிமிடத்துக்குள் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார்.

சவப்பெட்டியைத் தூக்க றோய் செருப்பைக் கழற்றினான். கழற்றிவிட்டு நிமிர்ந்து படலையடியைப் பார்த்தான். றோசம்மா அங்கே செபமாலையோடு நின்றாள். அவனுடைய முகத்தைத்தான் பார்த்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு றொசானா அலுமாரியை ஒழுங்குபடுத்தினாள். பிஸ்கட் பேணிக்குள் நூற்றுப் பதினேழு மஞ்சள் துண்டுகள் இருந்தன. கட்டிலில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். சிலவற்றுக்குச் சிரித்தாள். பால் காய்ச்சினவளைப் பற்றிய துண்டை வாசித்தபோது, தனக்கு எட்டு வயதாக இருந்த ஒரு விடியற்காலையும், அடுப்பில் பொங்கிய பாலும் நினைவுக்கு வந்தன. நாலாக மடித்த துண்டு அடியில் இருந்தது. மை எழுத்தை வாசித்தாள். பென்சில் எழுத்தை வாசித்தாள். எழுந்து கதவைச் சாத்தினாள்.

பின்னேரம் விபரம் கேட்கப் போனபோது றோசம்மா எல்லாவற்றையும் சொன்னாள், கதிரைகள் போட்டிருந்த இடம் உட்பட. கடைசியில், "உன்ர அம்மாட்டச் சொன்னதுதான் உனக்கும்" என்றாள்.

றொசானா வீட்டுக்குத் திரும்பியபோது றோய் முற்றத்தில் நின்றான். செருப்போடு. தலைமயிர் நன்றாக நரைத்திருந்தது.

"பிள்ளை, அம்மா துண்டு துண்டாய் ஏதோ எழுதுறவவாமே. சுபத்திரா சொன்னவா."

"ஓம் மாமா."

"அதில என்னைப் பத்தி ஏதும் எழுதி வைச்சவவோ?"

றொசானாவிடம் இரண்டு பதில்கள் இருந்தன. றோய் குனிந்து தன் கால்களைப் பார்த்தபடி நின்றான்.

"இல்லை மாமா" என்றாள். "எல்லாம் புத்தகங்களைப் பத்தித்தான்."